ஃபாமான்னா புகழ் இல்லீங்க!

ஸ்பானிஷ்ல ஒரு சின்ன வாக்கியம். "தியேனே ஃபாமா தே தகான்யோ." தியேனேன்னா "வச்சிருக்கார்", தகான்யோன்னா "கஞ்சன்". நடுவுல இருக்கிற ஃபாமாதான் நம்ம கதாநாயகி. இதைத் தமிழ்ல எப்படிச் சொல்வீங்க?

நம்மாளுங்க வழக்கமா போற பாதை இது. ஸ்பானிஷ் - ஆங்கில அகராதியைத் திறப்பாங்க. ஃபாமான்னா ஃபேம்னு போட்டிருக்கும். அடுத்து ஆங்கில - தமிழ் அகராதி. ஃபேம்னா புகழ்னு போட்டிருக்கும். ஆச்சு, வேலை முடிஞ்சது. "அவர் கஞ்சத்தனத்திற்குப் புகழ்பெற்றவர்." படிக்கிறவன் ஏதோ நக்கல் அடிக்கிறாங்கன்னு நினைச்சுக்குவான். ஆனா மூலத்துல நக்கலே கிடையாது. தெருவுல போற பாட்டி சர்வசாதாரணமா சொல்ற வாக்கியம் அது. நம்ம பாட்டி எப்படிச் சொல்வாங்க? "அவரு கஞ்சன்னு பேரெடுத்தவருல்ல." அவ்ளோதான். பேர். புகழ் இல்ல, பேர்.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது இந்த ஒரே விஷயம்தான். ஸ்பானிஷ் ஃபாமாவும் ஆங்கில ஃபேமும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க, ஆனா இப்ப ஒரே ஆள் இல்ல. ரெண்டையும் ஒண்ணா நினைச்சு, ரெண்டுக்கும் "புகழ்"னு ஒரே முத்திரையைக் குத்துறது சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்தால ஒரு மொழியோட மனசே நமக்குத் தெரியாமப் போகுது. "ஒரு வார்த்தைக்கு இவ்ளோ பெரிய பதிவா"ன்னு கேக்கறவங்க இப்பவே கிளம்பிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். மத்தவங்க ஒரு காபி போட்டுக்கிட்டு வாங்க. நீளமாத்தான் போகும்.

முதல்ல பூர்வீகம். ரெண்டுமே லத்தீன் "ஃபாமா"வுல இருந்து வந்ததுதான். அதுக்கு வேர், "பேசு"ங்கிற அர்த்தம் உள்ள வினைச்சொல். ஆக ஃபாமான்னா பேசப்படுறது, ஊர்ப்பேச்சு. அது நல்ல பேச்சா கெட்ட பேச்சாங்கிறது அந்தச் சொல்லுக்குள்ள இல்ல. ரோமானியக் கவி வெர்ஜில் "ஈனியட்" காவியத்தோட நாலாவது பகுதியில ஃபாமாவை ஒரு ராட்சசியாவே காட்டுறார். உடம்பு பூரா இறகு, ஒவ்வொரு இறகுக்கும் ஒரு கண்ணு, ஒரு நாக்கு, ஒரு காது. ராணி டைடோவுக்கும் ஈனியஸுக்கும் உள்ள உறவை ஊர் ஊராப் போய்ப் பரப்புறது இந்த அம்மாதான். இது புகழா? சொல்லுங்க, இதுக்குப் பேரு புகழா?

இதே இடத்தை ஆங்கிலத்துல மொழிபெயர்த்தவங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்க. 1697ல டிரைடன் மொழிபெயர்த்தப்போ அந்த ராட்சசிக்கு "ஃபேம்"னே பேரு வச்சார். அப்போ ஆங்கிலேயனுக்கும் அது சரியாவே பட்டிருக்கு. 2006ல ஃபேகல்ஸ் மொழிபெயர்க்கிறப்போ அதே ராட்சசிக்குப் பேரு "ரூமர்", அதாவது வதந்தி. லத்தீன் மாறல, ராட்சசி மாறல. நடுவுல முந்நூறு வருசத்துல ஆங்கிலத்தோட "ஃபேம்"தான் மாறிப்போச்சு. ஒரு காலத்துல ஊர்ப்பேச்சு முழுசையும் சுமந்த சொல்லு, கொஞ்சம் கொஞ்சமா கெட்டதையெல்லாம் கழட்டி வெளியில போட்டுட்டு, கிரீடத்தை மட்டும் தலையில வச்சுக்கிச்சு.

இதுக்கு முன்னாடியும் போகலாம். 1380 வாக்குல சாஸர் எழுதின "ஃபேமின் மாளிகை"ங்கிற நெடுங்கவிதையில ஃபேம் ஒரு மகாராணி. கூட்டம் கூட்டமா ஜனங்க வந்து வரம் கேக்கறாங்க. நல்லது செஞ்ச ஒரு கூட்டத்துக்கு நல்ல பேர் கொடுக்கிறா. அதே மாதிரி நல்லது செஞ்ச இன்னொரு கூட்டத்துக்குக் கெட்ட பேர் கொடுக்கிறா. முதல்ல வந்தவங்களுக்கு ஒண்ணுமே கிடையாது, போங்கடாங்கிறா. ரெண்டு ஊதுகொம்பு வச்சிருக்காங்க, ஒண்ணு பாராட்டுக்கு, இன்னொண்ணு அவதூறுக்கு. அன்னிக்கு ஆங்கில ஃபேமுக்கு ரெண்டு கொம்பும் இருந்துச்சு. இன்னிக்கு ஒண்ணுதான் மிச்சம்.

கழட்டிப் போட்ட கொம்போட துண்டு துணுக்கு இன்னமும் ஆங்கிலத்துல அங்கங்க கிடக்கு. "டிஃபமேஷன்"னு சட்டத்துல சொல்றாங்களே, அதுக்குள்ள இருக்கிறது ஃபேம்தான். ஆனா அந்த வழக்குப் போட யாரும் பிரபலமா இருக்கணும்னு அவசியமில்ல. பழைய ஆங்கிலச் சட்டப் பேச்சுல விபசார விடுதிக்கு "ஹவுஸ் ஆஃப் இல் ஃபேம்"னு பேரு. "கெட்ட ஃபேம்"! இன்னிக்கு ஒரு ஆங்கிலேயன் கிட்ட "இல் ஃபேம்"னு தனியாச் சொன்னா முழிப்பான். அந்தத் தொடர்ல மட்டும்தான் அது கல்லுக்குள்ள தேரை மாதிரி உசுரோட கிடக்கு.

இப்ப ஸ்பானிஷுக்கு வருவோம். அங்க ரெண்டு கொம்பும் பத்திரமா இருக்கு. "புவேனா ஃபாமா"ன்னா நல்ல பேரு, "மாலா ஃபாமா"ன்னா கெட்ட பேரு. ரெண்டுமே தினசரிப் பேச்சு. ஒரு தெருவுக்கு மாலா ஃபாமா இருக்கலாம், ஒரு ஓட்டலுக்கு இருக்கலாம், ஒரு வாத்தியாருக்கு "பாஸ் போடாதவர்"னு ஃபாமா இருக்கலாம். பேரும் புகழும் வேணாம், ஃபாமா இருக்க நாலு பேர் உங்களைப் பத்திப் பேசினாப் போதும்.

நம்ம ஊர் மொழிபெயர்ப்புகள்ல மொத்தமாக் காணாமப் போறது இந்த இடம்தான். ஆங்கிலத்துல ஃபேம் சில பேருக்கு மட்டும் உள்ள சொத்து. நடிகருக்கு இருக்கும், கிரிக்கெட் வீரருக்கு இருக்கும், எனக்கும் உங்களுக்கும் கிடையாது. (உங்கள்ல ஒரு சிலர் "பிரபல பதிவர்"னு ஒரு காலத்துல சுத்திக்கிட்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. அது வேற கணக்கு.) ஸ்பானிஷ்ல ஃபாமா எல்லாருக்கும் உண்டு. மீன் விக்கிற அம்மாவுக்கும் உண்டு, சவரக் கடைக்காரருக்கும் உண்டு. அதனாலதான் அது எல்லாருக்கும் தொலையவும் தொலையலாம்.

இது என் கற்பனை இல்ல, சட்டத்துல இருக்கு. 13ஆம் நூற்றாண்டுல காஸ்டில் ராஜா பத்தாம் அல்ஃபோன்சோ காலத்துல தொகுத்த "ஸியெதே பார்த்தீதாஸ்" சட்டத் தொகுப்போட ஏழாவது பாகத்துல, ஃபாமா இழந்தவங்களைப் பத்தின்னே ஒரு தனித் தலைப்பு இருக்கு. நேர்மையா வாழற மனுசனோட நல்ல நிலைதான் ஃபாமான்னு அங்க விளக்கம். அதே தொகுப்புல இன்னொரு இடத்துல, ஒருத்தனைக் கொல்றதும் அவன் ஃபாமாவைக் கெடுக்கிறதும் ஏறக்குறைய சமமான குத்தம்னு பழைய சட்ட ஞானிகள் சொன்னதா வருது. கொலைக்குச் சமம்! புகழ் போனா யாராவது செத்துப் போவாங்களா? மார்க்கெட் போன நடிகர் டிவி சீரியலுக்குப் போவார். பேர் போனவன்தான் தூக்குல தொங்குவான்.

சரி, அது பழைய கதைன்னு தள்ளுவீங்க. 1982ல ஸ்பெயின் நாடாளுமன்றம் கௌரவம், அந்தரங்கம், சொந்த உருவம் மூணையும் காப்பாத்த ஒரு சட்டம் போட்டுச்சு. அதோட ஏழாவது பிரிவுல எது எது அத்துமீறல்னு பட்டியல் போடுறாங்க. அதுல ஒண்ணு, ஒருத்தரோட ஃபாமாவைக் குறைக்கிற மாதிரி அவரோட கண்ணியத்தைக் காயப்படுத்துறது. "பிரபலங்களின் ஃபாமா"ன்னு இல்ல, இன்னொரு மனுசரோட ஃபாமான்னுதான் இருக்கு. இதைப் போய் "புகழைக் குறைக்கும் வகையில்"னு தமிழாக்கினா என்ன ஆகும்? நட்சத்திரங்களுக்காகப் போட்ட சட்டம்னு ஆகிப்போகும். பேரைக் கெடுக்கிறதுன்னு எழுதினா சாதாரண மனுசன் உள்ள வந்துடுவான். ஒரே ஒரு சொல்லுதான், ஆனா யாருக்குச் சட்டம்ங்கிறதே அதுல மாறிப்போகுது. நம்மூர்லயே பாருங்க, டிஃபமேஷனுக்கு "மானநஷ்டம்"னுதான் வச்சோம். "புகழ்நஷ்டம்"னு எந்த வக்கீலும் நோட்டீஸ் விடல. நம்ம பெரியவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு.

அடுத்து இந்த வீட்டோட இன்னும் ரெண்டு பசங்க. இவங்க பண்ற ரகளை கொஞ்சநஞ்சமில்ல.

ஒருத்தன் "நோட்டோரியஸ்". ஆங்கிலத்துல இவன் சுத்தமான கெட்டவன். கொள்ளைக்காரன், மோசடிப் பேர்வழி, இவங்களுக்குத்தான் இந்த அடைமொழி. ஸ்பானிஷ்ல இவனோட இரட்டைப் பிறவி "நொத்தோரியோ". அவன் பச்சப்புள்ள. எல்லாருக்கும் தெரிஞ்சது, வெளிப்படையானதுன்னு மட்டும்தான் அர்த்தம். கோர்ட்ல "எச்சோ நொத்தோரியோ"ன்னு ஒண்ணு உண்டு. ஊருக்கே தெரிஞ்ச உண்மை, தனியா நிரூபிக்க வேணாம்னு அர்த்தம். வணிக முத்திரைச் சட்டத்துல "மார்க்கா நொத்தோரியா"ன்னா, அந்தத் துறையில இருக்கிறவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச முத்திரை. 2001ல வந்த ஸ்பெயின் சட்டத்துல அதுக்கு ஒரு படி மேல, பொதுமக்கள் எல்லாருக்கும் தெரிஞ்சதுக்கு "ரெனோம்ப்ராதா"ன்னு தனியா வச்சிருந்தாங்க. 2018 கடைசியில செஞ்ச திருத்தத்துல அந்த ரெண்டு படியையும் ஒண்ணாக்கிட்டாங்க. இந்த நொத்தோரியாவை "நோட்டோரியஸ்"னு நினைச்சு ஒருத்தர் தமிழ்ல எழுதினா, பாவம், சோப்புக் கம்பெனி ரவுடி ஆயிடும்.

ஹிட்ச்காக் 1946ல எடுத்த "நோட்டோரியஸ்" படம் ஞாபகம் இருக்கா? இங்க்ரிட் பெர்க்மன், கேரி கிராண்ட். அந்தத் தலைப்பு பெர்க்மன் பாத்திரத்தோட கெட்ட பேரைப் பத்தினது. அப்பன் நாஜி உளவாளி, பொண்ணு குடிகாரின்னு ஊர் பேசுது. ஸ்பெயின்ல அந்தப் படத்துக்கு என்ன பேரு வச்சாங்க தெரியுமா? "என்காதெனாதோஸ்". சங்கிலியில கட்டுண்டவங்கன்னு அர்த்தம். "நொத்தோரியா"ன்னு அப்படியே வச்சிருந்தா "ஊரறிஞ்சவள்"னு ஏதோ பஞ்சாயத்துத் தலைவி படம் மாதிரி இருந்திருக்கும். விநியோகஸ்தருக்கு இருந்த மொழியறிவு நம்ம மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இருக்கக் கூடாதா?

இன்னொருத்தன் "இன்ஃபமஸ்". ஆங்கிலத்துல கெட்டதுக்காகப் பிரபலமானவன்னு அர்த்தம். ஆக அவன் பிரபலமா இருந்தே ஆகணும். ஸ்பானிஷ் "இன்ஃபாமே"வுக்கு அந்தக் கட்டாயமே கிடையாது. அவன் கேடுகெட்டவன், அவ்ளோதான், யாருக்கும் தெரியாத கேடுகெட்டவனாக்கூட இருக்கலாம். ஓட்டல் சாப்பாடு வாயில வைக்க விளங்கலேன்னாக்கூட "இன்ஃபாமே"ன்னுதான் திட்டுவாங்க. அப்ப ஆங்கில இன்ஃபமஸுக்கு ஸ்பானிஷ்ல என்ன? "த்ரீஸ்தெமெந்தே செலெப்ரே". "சோகமாகப் பிரபலமான"! எவ்ளோ அழகா இருக்கு பாருங்க. ஆங்கிலம் ஆளைப் பிடிச்சுத் திட்டுது, ஸ்பானிஷ் அந்தப் பிரபலத்தை நினைச்சு வருத்தப்படுது.

இதுக்கு நல்ல சாட்சி போர்ஹெஸ். 1935ல அவரோட ஒரு புத்தகம் வந்துச்சு, "இஸ்தோரியா உனிவெர்சால் தே லா இன்ஃபாமியா". கடற்கொள்ளைக்காரி, அடிமை வியாபாரி, ஆள்மாறாட்டக்காரன், பில்லி த கிட், இப்படி ஒரு கேடி கூட்டம். 1972ல தி ஜொவான்னி ஆங்கிலத்துல கொண்டுவந்தப்போ தலைப்புல "இன்ஃபமி"ன்னு வச்சார். 1998ல ஹர்லி திரும்ப மொழிபெயர்த்தப்போ அதைத் தூக்கிட்டு "இனிக்விட்டி"ன்னு வச்சார், அதாவது கொடுமை, அநியாயம். நான் என்ன நினைக்கிறேன்னா, இன்ஃபமின்னா ஆங்கில வாசகன் காதுல "கெட்ட பிரபலம்"னு விழுது, இன்ஃபாமியாவுல இருக்கிற அழுக்கு விழ மாட்டேங்குது. சரியோ தப்போ, ஒரு சொல்லுக்காக ரெண்டு பெரிய மொழிபெயர்ப்பாளர்கள் ரெண்டு வழியில போயிருக்காங்க. பக்கத்து வீட்டு மொழியில இருந்து கொண்டுவர்ற அவங்களுக்கே அவ்ளோ யோசனை. நாம அந்த ஆங்கிலத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கிறோம், நமக்கு யோசனையே கிடையாது.

சொல்லத்தான் வேணும். லத்தீன் அமெரிக்க இலக்கியம்னு நாம கொண்டாடுறதுல பெரும்பாலானது ஆங்கிலம் வழியாத்தான் தமிழுக்கு வந்திருக்கு. அதுக்காக அந்த மொழிபெயர்ப்பாளர்களை நான் குறை சொல்லல, காசு பாக்காம ராத்திரி முழிச்சு செஞ்ச வேலை அது. என் சண்டை எல்லாம் "எந்த வழியா வந்தா என்ன, அர்த்தம் வந்தாச் சரி"ன்னு மேடையில பேசுற ஆசாமிங்களோடதான். அர்த்தம் வரலை சாமி. மாட்ரிட்ல ஏறினவர் லண்டன்ல இறங்கிட்டார், நாம சென்னையில நின்னு வேற ஒருத்தருக்கு மாலை போட்டுக்கிட்டிருக்கோம்.

"டான் கிஹோத்தே"யையே எடுத்துக்குங்க. முதல் பாகம் 1605, ரெண்டாம் பாகம் 1615. ரெண்டாம் பாகத்துல முதல் பாகம் அச்சாகி வந்துட்டதுங்கிற சேதியே கதைக்குள்ள வருது. அப்ப நம்ம கிழட்டு வீரர் சாஞ்சோவைக் கூப்பிட்டுக் கேக்கறார், ஊருக்குள்ள என்னைப் பத்தி என்னப்பா பேசிக்கிறாங்க, பூசி மெழுகாமச் சொல்லுன்னு. அவனும் சொல்லிடறான், சாதாரண ஜனங்க உங்களைப் பெரிய பைத்தியம்னும் என்னை அதுக்குக் கொறையாத முட்டாள்னும் நினைக்கிறாங்கன்னு. மனுசன் தேடினது ஃபாமா, கிடைச்சதும் ஃபாமாதான். தேடினது நல்ல பேரு, கிடைச்சது கெட்ட பேரு, ரெண்டுக்கும் அந்த மொழியில ஒரே சொல்லு. அந்த நகைச்சுவையும் வலியும் அதுலதான் இருக்கு. புகழைத் தேடிப் போனார்னு மட்டும் எழுதிட்டா, பாதி ஜோக்கு புட்டுக்கிச்சு.

கொஞ்சம் தள்ளி எட்டாவது அத்தியாயத்துல, எபேசஸ் நகரத்துல இருந்த டயானா கோயிலுக்குத் தீ வச்ச ஹெரொஸ்ட்ராட்டஸ் பத்தி அவரே பேசுறார். பேரு நிலைக்கணும்ங்கிற ஒரே ஆசையில கோயிலைக் கொளுத்தினவன் அவன். அவன் பேரை யாரும் உச்சரிக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. ஆனா பேரு நிலைச்சுப்போச்சு, இதோ நான் தமிழ்ல டைப் பண்றேன். கவனிங்க, தடை விழுந்தது அவன் பேர் மேலதான்.

இப்ப கொஞ்சம் சீரியஸ். ஸ்பானிஷ்ல "எல் கே திரான்"னு ஒரு சொல் உண்டு. பிரிச்சுப் பார்த்தா "என்ன-சொல்வாங்களோ". அதை ஒரு முழுப் பெயர்ச்சொல்லாவே ஆக்கி வச்சிருக்காங்க. அந்த "என்ன-சொல்வாங்களோ"வுக்குப் பயப்படுறதுன்னு பேசுவாங்க. நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு நாம சொல்றோமே, அதேதான். லோர்கா 1936ல எழுதி முடிச்ச "பெர்னார்தா ஆல்பாவின் வீடு" நாடகம் பூரா இந்தப் பயம்தான். அந்த வருசமே லோர்காவைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. நாடகம் 1945ல புவனோஸ் ஐரிஸ்லதான் முதல்ல மேடையேறிச்சு. புருசன் செத்ததும் பெர்னார்தா எட்டு வருசம் துக்கம்னு சொல்லிக் கதவை அடைக்கிறா. உள்ள அஞ்சு பொண்ணுங்க. கடைசியில சின்னவ தூக்குப் போட்டுக்கிறா. அப்பவும் அந்த அம்மா வாயில இருந்து வர்ற உத்தரவு, என் பொண்ணு கன்னியாத்தான் செத்தான்னு ஊருக்குச் சொல்லணும், யாரும் மூச்சு விடக் கூடாதுன்னுதான்.

அவ காப்பாத்த நினைச்சது குடும்பத்தோட புகழையா? அந்தக் குடும்பத்துக்கு ஏது புகழ்? கிராமத்துல நாலு காசு உள்ள வீடு, அவ்ளோதான். அவ காப்பாத்தினது பேரை. அந்தப் பேருக்குப் பலியானது ஒரு இருபது வயசுப் பொண்ணு. இந்தப் பயம் தமிழ் வாசகிக்கு அடிவயித்துல புரியும், ஆங்கில வாசகியை விடவே நல்லாப் புரியும். நம்ம வீட்டுப் பொண்ணுங்களும் "பேர் கெட்டுடும்"ங்கிற ஒரே வார்த்தையை வச்சுத்தானே அடைக்கப்பட்டாங்க! கையில அப்படி ஒரு சொல்லை வச்சுக்கிட்டு, ஆங்கில அகராதி சொல்லிச்சுன்னு "புகழ்", "நற்கீர்த்தி"ன்னு எழுதுறது அநியாயமா இல்லையா?

எதிர்க்கட்சி வாதத்தையும் பார்த்துடுவோம். இல்லேன்னா பின்னூட்டத்துல வந்து கும்மிடுவீங்க.

ஒண்ணு, "ஸ்பானிஷ்லயும் இப்ப ஃபாமான்னா பிரபலம்தானே?" ஆமா, அந்த அர்த்தமும் உண்டு, ரொம்ப நாளாவே உண்டு. 15ஆம் நூற்றாண்டுல ஹோர்ஹே மான்ரிக்கே செத்துப்போன தன் அப்பாவுக்கு எழுதின இரங்கற்பாவுல, உடம்போட வாழற வாழ்க்கை, ஃபாமாவுல வாழற வாழ்க்கை, அழியாத மறுமை வாழ்க்கைன்னு மூணு வச்சிருக்கார். அந்த நடு வாழ்க்கைக்குப் புகழ்னு தாராளமா எழுதலாம், நானே எழுதுவேன். 1980ல வந்த "ஃபேம்" படம் ஸ்பெயின்ல "ஃபாமா"ன்னுதான் ஓடிச்சு. ஹாலிவுட் நடைபாதை அங்க "பசேயோ தே லா ஃபாமா". 2021ல ரோசாலியா "லா ஃபாமா"ன்னு பாட்டே போட்டாங்க, அதுல பிரபலத்தைத்தான் நம்ப முடியாத காதலியாக் காட்டுறாங்க. டிவியில வர்றவங்க "ஃபமோசோஸ்", அதுல அரைவேக்காடு "ஃபமோசீயோ". எல்லாம் சரி. ஆனா புது மாடி கட்டினதால பழைய வீடு இடிஞ்சு போயிடல. "ஃபாமா தே தகான்யோ"ன்னு இன்னிக்கும் பேசுறாங்க. மாடியை மட்டும் பார்த்துட்டு வீட்டுக்கு விலை பேசாதீங்கங்கிறேன்.

ரெண்டு, "ஆங்கிலத்துல ரெப்யூட்டேஷன் இருக்கே, அதைப் போட்டா முடிஞ்சுது." நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பாளர் அதைத்தான் போடுவார். ஆனா கவனிங்க, ஆங்கிலம் அதை ரெண்டு தனித்தனி அலமாரியில வச்சிருக்கு. லேடி காகா 2008ல போட்ட ஆல்பம் "தி ஃபேம்". டெய்லர் ஸ்விஃப்ட் 2017ல போட்டது "ரெப்யூட்டேஷன்". முதல்ல பிரபலம் ஆகிற ஆசை, அடுத்தது பிரபலம் ஆனப்புறம் ஊர் வாயில விழுந்த கதை. ரெண்டும் ஆங்கிலேயனுக்கு வேற வேற சமாச்சாரம். ஸ்பானிஷ்ல "ரெப்புதாசியோன்"னு தனியா இருந்தாலும், ஃபாமாங்கிற ஒரே சொல்லு ரெண்டு ஆல்பத்துக்கும் பொருந்தும். பிரபலமும் ஊர்ப்பேச்சும் ஒரே மரத்துக் கிளைங்கன்னு அந்தச் சொல்லு சும்மா இருந்தே சொல்லிக்கிட்டிருக்கு.

மூணு, இதுதான் எனக்குப் பிடிச்சது, "தமிழ்ல இவ்ளோ நுணுக்கத்துக்கு எங்க சொல் இருக்கு?" அட, என்னத்த சொல்ல! இருக்கிறதுலயே பணக்கார வீடு நம்மளுதுதான்.

புகழ்னா பாராட்டு. வினையாவே இருக்கு பாருங்க, புகழ்ந்தான், புகழ்கிறாள். பிறவியிலயே நல்லது. "கெட்ட புகழ்"னு யாரும் சொல்ல முடியாது, நாக்கே மறுக்கும். பேர் அப்படி இல்ல, அது ரெண்டுங்கெட்டான். நல்ல பேரு, கெட்ட பேரு, பேரெடுத்தான், பேரைக் கெடுத்தான், பேரைக் காப்பாத்தினான். எல்லாருக்கும் உண்டு, எல்லாரும் தொலைக்கலாம். அப்படியே ஃபாமா. "பேரும் புகழும்"னு சேத்துச் சொல்றோமே, ரெண்டும் ஒண்ணா இருந்தா எதுக்கு ரெண்டு தடவை சொல்லணும்?

ஃபமோசோவுக்கு "பேர்போன". மணப்பாறை முறுக்குக்குப் பேர்போன ஊர், அவன் பேர்போன திருடன். ரெண்டு இடத்துலயும் அதே சொல் கூச்சமில்லாம உக்காருது. பிரபலம்னா பாராட்டும் இல்ல, திட்டும் இல்ல, ஊருக்குத் தெரிஞ்சதுன்னு அர்த்தம். அதனாலதான் பேப்பர்காரன் "பிரபல ரவுடி வெட்டிக் கொலை"ன்னு தைரியமா எழுதுறான். சிலர் அதைப் பார்த்துச் சிரிப்பாங்க. சிரிக்க ஒண்ணுமில்ல, அந்தப் பேப்பர்காரனுக்குச் சொல்லோட எடை தெரிஞ்சிருக்கு. "பிரபல" வடமொழி, வெட்டிட்டு "புகழ்பெற்ற"ன்னு போடுங்கன்னு திருத்துற தனித்தமிழ் அன்பர்கள் கிட்ட ஒரே ஒரு கேள்வி: "புகழ்பெற்ற ரவுடி"ன்னு போடவா? அடுத்து அவருக்கு மணிமண்டபம் கட்டணுமே, இடம் பாத்தாச்சா?

பேர், புகழ், பிரபலம். மூணு சாவி கையில இருக்கு. நாம ஒரே சாவியை எல்லாப் பூட்டுலயும் விட்டு முறுக்கிக்கிட்டிருக்கோம்.

சொல்லே இல்லாத இடமும் ஒண்ணு உண்டு, மறைக்கல. ஹூலியோ கொர்த்தாஸார் 1962ல ஒரு புத்தகம் போட்டார், குரோனோப்பியோக்கள், ஃபாமாக்கள்னு விசித்திரப் பிராணிங்களைப் பத்தின குட்டிக் கதைங்க. குரோனோப்பியோ கிறுக்கு, கவனமில்லாதது, பாட்டுப் பாடும். ஃபாமா ஒழுங்கு, திட்டம், கணக்கு வழக்கு. ஊர் என்ன சொல்லுமோன்னு வாழற மாதிரி எனக்குப் படும். ஆங்கிலத்துல கொண்டுவந்த பால் பிளாக்பர்ன் "ஃபேம்ஸ்"னு மாத்தல, "ஃபாமாஸ்"னே விட்டுட்டார். முடியாத இடத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதும் மொழிபெயர்ப்புதான். அங்க நாமளும் ஃபாமான்னே விட்டுடலாம், ஒண்ணும் குடி முழுகாது.

இவ்ளோ கத்தறது ஒரு வார்த்தைக்காக மட்டும் இல்ல. உலகத்துல இருக்கிற எல்லா "பேரை"யும் "புகழ்"னு மொழிபெயர்த்துக்கிட்டே போனா, பேர்ங்கிறது பெரிய மனுசங்க சமாச்சாரம்னு நம்ம மனசு பழகிடும். அப்புறம் ஒரு கூலிக்காரர் மேல திருட்டுப் பழி விழுந்தா, "அவருக்கு என்ன புகழ் இருக்கு கெட்டுப்போக"ன்னு தோண ஆரம்பிக்கும். முகத்தை மறைக்காம அவரைப் படம் எடுத்து நாலு குரூப்ல அனுப்புறவன் மனசுல இன்னிக்கே அதுதானே ஓடுது? அந்த 1982 சட்டம் எழுதினவங்க மனசுல அப்படி ஓடல. அவங்க மொழி ஓடவிடல.

ஸ்பானிஷ்ல ஒரு பழமொழி: ஃபாமா சிலருக்கு, கம்பளி சிக்கெடுக்கிறது வேற சிலர். ஆட்டு மயிரைச் சீப்பு போட்டுச் சிக்கெடுக்கிற நாத்தம் புடிச்ச வேலை ஒருத்தனுக்கு, பேரு இன்னொருத்தனுக்கு. நம்ம மொழிபெயர்ப்பாளர்களும் அந்தக் கம்பளிக்காரங்கதான், அட்டையில அவங்க பேரைப் பொடி எழுத்துலதான் போடுவாங்க. அதனால அடுத்து ஃபாமா எதிர்ல வந்தா ஒரு நிமிசம் நின்னு, பேரா, புகழா, பிரபலமான்னு கேட்டுட்டு எழுதுங்க மக்கா. மாத்துக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல வந்து தாராளமாத் திட்டலாம். எனக்கு ஏற்கனவே வாய்ச்சண்டைக்காரன்னு ஒரு ஃபாமா இருக்கு, புதுசாக் கெட ஒண்ணுமில்ல.